ராத்திரி முழுக்க ஊறிய பல் செட்

போன மாதம் ஒரு மத்தியானம், நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பல் மருத்துவமனையிலிருந்து ஓர் இளம் டாக்டர் போன் செய்தார். நான் ஓய்வுபெற்று வந்த பிறகு சேர்ந்தவர். நேரில் பார்த்ததில்லை.

"ஆன்ட்டி, சாஃப்ட் லைனர் போட்ட செட்ட எதுல ஊற வைக்கச் சொல்லணும்? டப்பாவுல ஒண்ணு போட்ருக்கு, நெட்ல ஒண்ணு போட்ருக்கு, எங்க காலேஜ்ல வேற சொல்லிக் குடுத்தாங்க. நீங்கதான் அதுல எக்ஸ்பர்ட்டுன்னு இங்க சொல்றாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வைத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்தப் பதில் எனக்கு எப்படிக் கிடைத்தது என்பது ஐந்து நிமிடத்தில் அடங்குகிற விஷயம் இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கடலூர் முதுநகர்க்காரி. அப்பா துறைமுகத்தில் எடை போடும் வேலை, அம்மா சர்ச் பள்ளிக்கூடத்தில் ஆயா. பன்னிரண்டாவது முடித்தவுடன், எங்கள் பங்குக் கோயிலிலிருந்த ஒரு கன்னியாஸ்திரீ சொல்லி, சென்னையில் பல் செட் செய்யும் படிப்பில் சேர்ந்தேன். இரண்டு வருடம். அதற்கு டென்டல் மெக்கானிக் என்று பெயர். பெண் பார்க்க வந்த வீட்டில் "பொண்ணு லாரி ரிப்பேர்லாம் பண்ணுமா?" என்று கேட்டார்கள். அந்த இடம் அமையவில்லை. வேலை அமைந்தது. சிதம்பரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திய சின்னப் பல் மருத்துவமனை. முன்னால் நான்கு நாற்காலி, பின்னால் அச்செடுக்கும் மாவின் தூசி பறக்கும் லேப். காலை பாசஞ்சரில் போய் சாயங்காலம் திரும்புவேன். முப்பத்து நான்கு வருடம் அப்படியே ஓடியது.

அதில் முதல் இருபது வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அளவு வரும், செட் செய்வோம், அனுப்புவோம். வலிக்கிறது என்று திரும்பி வந்தால் "பழகிடும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. செருப்புகூட முதலில் கடிக்கத்தானே செய்கிறது என்று நானே நோயாளிகளிடம் சொல்லியிருக்கிறேன்.

பிறகு டாக்டர் நஸ்ரீன் வந்தார்.

பரங்கிப்பேட்டைக்காரர். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். பல் கட்டும் பிரிவுக்குப் பொறுப்பாக வந்த முதல் வாரத்திலேயே, நான் முடித்துக் கொடுத்த செட்டுகளில் பாதிக்குமேல் லேப்புக்குத் திரும்பின. கூடவே ஒரு துணுக்குப் பஞ்சு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன என்று கேட்கப் போனேன். அவர் ஒரு செட்டைத் திருப்பிப் பிடித்து, ஈறில் படுகிற உள்பக்கத்தில் அந்தப் பஞ்சை மெல்ல இழுத்தார். ஓரிடத்தில் ஒரு நூல் மாட்டிக்கொண்டு நின்றது.

"பஞ்சு மாட்ற எடத்துல ஈறும் மாட்டும்க்கா" என்றார்.

எனக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது. இருபது வருடம் செய்த கைக்கு நேற்று வந்த பெண் பஞ்சால் மார்க் போடுகிறாள் என்று ரயிலில் வழி முழுக்கப் பொருமிக்கொண்டே வந்தேன். ஆனால் மறுநாள் நானே பஞ்சை எடுத்து, எல்லாச் செட்டிலும் இழுத்துப் பார்த்தேன். நிறைய மாட்டியது. என் கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி பளபளத்த செட்டுகள் அவை.

அவருக்கு இன்னொரு பழக்கம். எதையாவது கேட்க வேண்டும் என்றால் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட மாட்டார். லேப்புக்கு வந்து, மாவு படிந்த முக்காலியில், வெள்ளைக் கோட்டோடு அப்படியே உட்கார்ந்துகொள்வார். நாங்கள் நின்றுகொண்டோ வேலை செய்துகொண்டோ இருப்போம். அவர் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துக் கேட்பார். அப்படிக் கேட்கிறவரிடம் பொய் சொல்வது ரொம்பக் கஷ்டம்.

லேப்பில் என்னோடு பழனிவேல் இருந்தார். பெண்ணாடத்துக்காரர். அப்பா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். பழனிக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். நான் நிரந்தரம், அவர் ஒப்பந்தம். ஒவ்வொரு வருடமும் மே மாதக் கடைசியில் மேனேஜர் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

இனி அஞ்சலையம்மாவிடம் வருகிறேன்.

தேவனாம்பட்டினத்துக்காரர். வயது அறுபதைத் தாண்டியவர். வேலை, துறைமுகத்தில் மீன் ஏலம் கூவுவது. படகு வந்து மீனைக் கொட்டியதும் சுற்றி வியாபாரிகள் நிற்க, நடுவில் நின்று விலையை ஏற்றிக்கொண்டே போவதற்குத் தொண்டை மட்டும் போதாது. வாயிலிருந்து விழுகிற ஒவ்வொரு எண்ணும் கடைசி வரிசையில் நிற்பவருக்கும் தெளிவாகக் கேட்க வேண்டும். ஈறு நோய் வந்து பல் எல்லாம் போன பிறகு அஞ்சலையம்மாவின் வாயில் "எட்டு" என்றால் காற்று வந்தது. வேறெங்கோ கட்டிய பல் செட் இருந்தது. ஆனால் கீழ்த்தாடையில் ஈறு மேடு தேய்ந்து தட்டையாகிவிட்டது. வாயை அகலத் திறந்தால் செட் குத்தும். அதனால் செட்டைத் துணியில் சுருட்டி வைத்துவிட்டு, பொக்கை வாயோடு கூவிக்கொண்டிருந்தார். இரண்டு முறை விலை தப்பாகக் காதில் விழுந்து சண்டை வந்தது. "அக்கா கொஞ்ச நாளு குந்திக்கட்டும், வேற ஆள் கூவட்டும்" என்று படகுக்காரர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

கடலூரில் எங்கள் மருத்துவமனை நடத்திய முகாமுக்கு அவர் வந்தபோது நான் அங்கே இருந்தேன். வாயைப் பார்த்த நஸ்ரீன் டாக்டர், "இவுங்களுக்குக் கெட்டியான செட் தாங்காது. உள்ள சாஃப்ட் லைனர் போடலாம்" என்றார்.

சாஃப்ட் லைனர் என்பது செட்டின் உள்பக்கத்தில், ஈறில் படுகிற இடத்தில் வைக்கிற மெத்தென்ற பொருள். பொடியையும் திரவத்தையும் அளந்து கலந்து, அச்சில் இறுக்கி, மெதுவாகச் சூடேற்றிச் செய்வது. ஈறுக்கும் கெட்டிச் செட்டுக்கும் நடுவில் சின்ன மெத்தை மாதிரி இருக்கும். நோயாளிகள் அதை மெத்தை என்றே சொல்வார்கள்.

"எப்ப கிடைக்கும்?" என்றார் அஞ்சலையம்மா.

"ஏன், அவசரமா?"

"தடக்காலம் முடிஞ்சி போட்டு கடல்ல எறங்கறதுக்குள்ள வோணும். அன்னிக்கி நான் போயி நிக்கலன்னா அந்த எடம் போயிடும். அப்பறம் கேட்டாலும் வராது."

அது ஏப்ரல் மாதம். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நாள் இருந்தது.

புதுச் செட்டை நான் செய்தேன். மெத்தையைக் கலந்து அச்சில் வைத்தவர் பழனி. பொருத்துகிற நாளில் அஞ்சலையம்மா கடலூரிலிருந்து ரயிலேறிச் சிதம்பரம் வந்தார். செட்டை வாயில் வைத்ததும் நஸ்ரீன் டாக்டர் சொன்னார்: "இப்ப ஏலம் கூவுங்க."

"இங்கியா?"

"இங்கதான். ஒரு வஞ்சிரம் கெடக்குன்னு வச்சுக்குங்க. நான் வாங்கறேன்."

அஞ்சலையம்மா நாற்காலியில் இருந்து இறங்கி நின்றார். முந்தானையை இடுப்பில் செருகினார். கூவினார் பாருங்கள்! வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து வந்து கதவருகே நின்றார்கள். டாக்டர் விலையை ஏற்றினார். நானும் ஏற்றினேன். வாசலில் நின்ற ஒரு வாத்தியார்கூட ஏற்றினார். கடைசியில் இல்லாத மீனை அந்த வாத்தியார் தலையில் கட்டிவிட்டு, அஞ்சலையம்மா கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

"குத்தல" என்றார். கண் கலங்கியிருந்தது.

வீட்டில் செட்டை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லி அனுப்புவது என் வேலை. கடற்கரைப் பேச்சு எனக்குப் பழக்கம் என்பதால் டாக்டர் அதை என்னிடம் விட்டிருந்தார். அதற்கென்று அச்சடித்த தாள் ஒன்று இருந்தது. வாரத்துக்கு இரண்டு முறை, ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் சலவை ப்ளீச் விட்டு, பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவவும் என்று போட்டிருக்கும். அதைப் படித்துக் காட்டினேன்.

"மீன் வாடை போவுமா? எந்நேரமும் அதுலயே நிக்கறவ நான். வாயில அந்த வாட வந்தா எனக்கே புடிக்காது" என்றார்.

அப்போதுதான் நான் சொன்னேன். தாளைப் பார்க்காமல், அந்தம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "வாடை போகலன்னா தெனமும் ராத்திரி முழுக்க ஊறட்டும். ஒண்ணும் ஆவாது. வெதுவெதுன்னு தண்ணி ஊத்துங்க, இன்னும் நல்லாப் போகும்."

பத்து நாளில் திரும்பி வந்தார். மெத்தை மெத்தையாக இல்லை. வெளுத்து, செருப்பின் அடித்தோல் மாதிரி இறுகி, ஓரத்தில் பிளந்திருந்தது. உள்பக்கம் சொரசொரவென்று பொடிப்பொடிப் பள்ளங்கள். பஞ்சை இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. வைத்தவுடன் ஒட்டிக்கொண்டது. அஞ்சலையம்மாவின் ஈறு சிவந்து புண்ணாகியிருந்தது.

பழைய மெத்தையைச் செதுக்கி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். இரண்டாவது மெத்தை ஒரு வாரம்தான் தாங்கியது. அதே வெளுப்பு, அதே பிளவு.

மேனேஜர் லேப்புக்கு வந்தார். "கலக்கறவர் சரியா கலக்கல. வேற என்ன?" என்றார்.

"நான் அளந்துதான் சார் போட்டேன். ரெண்டு வாட்டியும் அளந்துதான் போட்டேன்" என்றார் பழனி.

மேனேஜர் என்னைப் பார்த்தார். சீனியர் நான்தான். அன்றைக்கு நான் சொன்னதை இன்றைக்கும் எழுதக் கூச்சமாக இருக்கிறது. "சூட்டைக் கொஞ்சம் சீக்கிரம் ஏத்திட்டார்னு நெனைக்கிறேன்" என்றேன். பழனி அவசரப்பட்டு அடுப்பைக் கூட்டியதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அது வேறொரு நாள், வேறொரு செட். அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிய வித்தியாசமாகப் படவில்லை. பழனி என்னைத் திரும்பிப் பார்த்தார். மே மாதம் மூன்றாவது வாரம் அது.

நஸ்ரீன் டாக்டர் மறுநாள் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். கெட்டுப்போன இரண்டாவது மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே யோசித்தார்.

"இங்கேர்ந்து போவும்போது நல்லாத்தான் இருக்கு. நான் அழுத்திப் பாத்துதான் குடுத்தேன். அவுங்க வீட்ல இருக்கும்போது கெடுது. அங்க என்ன நடக்குதுன்னு தெரியாம இங்க யாரையும் ஒண்ணும் சொல்ல முடியாது." பிறகு என்னைப் பார்த்தார். "ஸ்டெல்லாக்கா, உங்களுக்குப் பக்கம்தானே. ஒரு நடை போய்ட்டு வாங்க. எதையும் கேக்காதீங்க. அவுங்க தெனம் என்ன செய்றாங்களோ அதைச் செய்யச் சொல்லிப் பாருங்க."

அன்று சாயங்காலமே ரயில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனேன். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்று. அஞ்சலையம்மா என்னைப் பார்த்ததும் பதறிப்போய்ப் பாய் விரித்தார், கலர் சோடா வாங்கிவரச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தார். வாயில் செட் இல்லை. வலிக்கிறது என்று கழற்றி வைத்திருந்தார்.

"தெனம் எப்படிக் கழுவறீங்க? ஒருவாட்டி செஞ்சு காட்டுங்களேன்."

"அதுக்கென்னா" என்று எழுந்து போனார். ஜன்னலில் ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா இருந்தது. பளிச்சென்று கழுவி வைத்திருந்தார். சலவை ப்ளீச்சை அதில் ஊற்றினார். அடுப்பிலிருந்து வெந்நீரை எடுத்து ஊற்றினார். செட்டை உள்ளே போட்டு மூடினார். அந்த நெடி எனக்கு மூக்கில் ஏறியது.

"காலைல வரைக்கும் ஊறும். ஒரு நாளு தப்பினது கெடையாது" என்றார். நல்ல மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார். "நீ சொன்ன மாரியேதான் செய்றேன். அப்பயும் என்னாத்துக்கு அது அப்பிடி ஆவுதுன்னு தெரியல. என் வாயிதான் சரியில்லியோ என்னமோ."

நான் அந்த டப்பாவைத் திறந்து செட்டை எடுத்துத் தண்ணீரில் நன்றாக அலசினேன். "இன்னிக்கு இதுல போட வேணாம். வெறும் பச்சத் தண்ணியில வைங்க. நான் டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றேன். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது. வாங்கிவந்த கலரைக் குடிக்காமலே எழுந்து வந்தேன்.

திரும்பி வரும்போது என் மனம் என்னென்னவோ வழி சொன்னது. "நோயாளி ப்ளீச்சுல ஜாஸ்தி நேரம் ஊற வச்சுட்டாங்க" என்று டாக்டரிடம் சொல்லலாம். அதில் பொய்யும் இல்லை. பழனியும் தப்பித்துவிடுவார். நானும் தப்பித்துவிடுவேன். அஞ்சலையம்மா ஒருவர்தான் அதில் மாட்டுவார். எழுதப் படிக்கத் தெரியாதவர், சொன்னதைச் சரியாகக் கேட்டிருக்க மாட்டார் என்று எல்லாரும் எளிதாக நம்பிவிடுவார்கள். அந்த நினைப்பு வந்ததும்தான் எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது. சொன்னதை அந்தம்மாபோல் அவ்வளவு ஒழுங்காகச் செய்தவர்கள் என் முப்பத்து நான்கு வருடத்தில் வேறு யாரும் இல்லை.

மறுநாள் நான் போனபோது மேனேஜர் மேசையில் பழனியின் கோப்பு எடுத்து வைக்கப்பட்டிருந்தது. நேரே டாக்டர் அறைக்குப் போனேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். தாளில் இருந்ததைப் படித்தது, தாளில் இல்லாததைச் சொன்னது, பழனியைப் பற்றிச் சொன்னது எல்லாவற்றையும்.

டாக்டர் எழுந்து அலமாரியிலிருந்து அந்த அச்சடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது கெட்டிச் செட்டுக்கு எழுதினது. மெத்த வச்ச செட்டுக்குத் தனியா எழுதணும்னு எனக்குத் தோணல. இதையே எல்லாருக்கும் குடுக்கச் சொன்னது நான்தான். அதனால மொதத் தப்பு என்னுது. ராத்திரி முழுக்கன்னு சேத்தது உங்களுது. அதையெல்லாம் சேந்து பாத்துக்கலாம்." நிறுத்தினார். "ஆனா பழனியப் பத்திச் சொன்னது இருக்கு பாருங்க, அதை நீங்க மட்டும்தான் சரி பண்ண முடியும். இப்பவே பழனிகிட்ட போங்க. மேனேஜர்கிட்ட நான் பேசிக்கறேன்."

குரல் உயரவில்லை. என்னைத் திட்டியிருந்தால்கூட எளிதாக இருந்திருக்கும்.

பழனி அப்போது ஒரு செட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் சத்தத்தில் நான் சொன்னது கேட்டதா என்று தெரியவில்லை. மறுபடியும் சொன்னேன். மோட்டாரை நிறுத்தினார்.

"ரெண்டு நாளா என் கையையே நான் சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன்க்கா" என்றார். "அளவு கப்ப ராத்திரி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி தண்ணி ஊத்தி ஊத்திப் பாத்தேன். கப்பு தப்போன்னு."

அவர் மோட்டாரை மறுபடி போட்டுவிட்டார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அன்று முழுவதும் லேப்பில் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவருடைய ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் புதுப்பிக்கப்பட்டது. நஸ்ரீன் டாக்டர் மேனேஜரிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அவர் சொல்லவும் இல்லை.

இரண்டு நாள் கழித்துப் பழனிதான் பேச்சை எடுத்தார். கையில் ரோஜா நிறத்தில் விரல் நீளப் பட்டைகள் ஒரு பிடி. செட் செய்கிற கெட்டிப் பொருளின்மேல் பாதிக்கு மெத்தையை ஒட்டிச் செய்திருந்தார்.

"எது எதுல போட்டா என்ன ஆவுதுன்னு நாமளே பாத்துடுவோம்க்கா. இனிமே யாரும் யாரையும் சொல்ல வேணாம்."

ஜன்னலோரமாகச் சின்னப் பாட்டில்களை வரிசையாக வைத்தோம். ஒன்றில் வெறும் தண்ணீர். ஒன்றில் ப்ளீச் தண்ணீர், ராத்திரி முழுக்க. இன்னொன்றில் அதே ப்ளீச் ரொம்பக் கொஞ்சமாக, சில நிமிடம் மட்டும். செட் கழுவவென்று கடையில் விற்கிற, நுரைத்துக் கரையும் மாத்திரை பச்சைத் தண்ணீரில் ஒன்று, வெந்நீரில் ஒன்று. வினிகர் ஒன்று. சோப்புத் தண்ணீர் ஒன்று. ஒரு பட்டையைத் தினமும் பற்பசை போட்டு பிரஷ்ஷால் தேய்த்தோம். எடுத்து அலசி, டாக்டரையும் சேர்த்து மூவரும் கண்ணை மூடிக்கொண்டு தனித்தனியாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்போம். எது எந்தப் பாட்டில் என்று தெரியாமல் அழுத்த வேண்டும் என்பது டாக்டர் வைத்த விதி. மூவரும் சொன்னதைப் பென்சிலால் குறித்துக்கொள்வார்.

ராத்திரி முழுக்க ப்ளீச்சில் கிடந்தது அஞ்சலையம்மா கொண்டுவந்ததைப் போலவே வெளுத்து, ஒட்டிய இடம் விட்டுப்போகத் தொடங்கியது. வெந்நீரில் மாத்திரை போட்டதில் குமிழ் குமிழாகப் பொங்கி ஸ்பாஞ்சு மாதிரி ஆனது. பற்பசை கீறல் கீறலாகச் சுரண்டிவிட்டிருந்தது. சோப்புத் தண்ணீரும், சில நிமிடம் மட்டும் நீர்த்த ப்ளீச்சில் வைத்து நன்றாக அலசியதும் பரவாயில்லை. நான் எதிர்பார்க்காதது, வெறும் தண்ணீரில் கிடந்ததும் கொஞ்சம் இறுகியிருந்தது. மெத்தையை மென்மையாக வைத்திருக்கிற சத்து எப்படியும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும் என்று டாக்டர் விளக்கினார். அதை நாம் தடுக்க முடியாது, அவசரப்படுத்தாமல் இருக்கலாம், அவ்வளவுதான் என்றார்.

"அப்ப வெறும் தண்ணியிலயே வச்சுக்கச் சொல்லிடலாமே டாக்டரம்மா" என்றேன்.

"சொல்லக் கூடாது. மெத்தையில பூஞ்சை ஏறும், வாயெல்லாம் வெள்ள வெள்ளையா புண்ணு வரும். கழுவித்தான் ஆவணும். கெடாம கழுவணும்."

பிறகு வேறு வகை மெத்தை, சிலிக்கோனில் செய்தது வந்தபோது, அதே பாட்டில்களில் மறுபடி போட்டுப் பார்த்தோம். அது வேறு மாதிரி நடந்துகொண்டது. ஒரு பொருளுக்குச் சொன்னதை இன்னொன்றுக்கு அப்படியே சொல்ல முடியாது என்பதை அப்போது தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு யார் எந்தச் செட்டைக் கொண்டுவந்து கேட்டாலும், உள்ளே என்ன மெத்தை என்று பார்க்காமல் நான் வாயைத் திறந்ததில்லை.

மூன்றாவது மெத்தையை அஞ்சலையம்மாவுக்குப் போட்டபோது தடைக்காலம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. அளந்து கலந்தவர் பழனியேதான். இந்த முறை தாள் கொடுக்கவில்லை. குழாயடிக்கு அழைத்துப்போய், அவர் கையாலேயே செய்யவைத்தோம். சாப்பிட்டதும் கழற்றி அலசுவது, சோப்புத் தண்ணீரில் மெல்லிய துணியால் தடவுவது, டாக்டர் குறித்துக்கொடுத்த அளவு ப்ளீச்சில் டாக்டர் சொன்ன நாளில் சில நிமிடம் மட்டும் வைப்பது, ராத்திரி பச்சைத் தண்ணீரில் போடுவது. மூன்று முறை செய்து காட்டினார். மூன்றாவது முறை எங்களைப் பார்த்து, "போதுமா, இல்ல இன்னொருவாட்டி பரீட்ச வைக்கிறீங்களா?" என்றார்.

டாக்டர் உள்ளே போன பிறகு, நான் அவரிடம் சொன்னேன். "அஞ்சலைம்மா, உங்க வாயில ஒரு கொறையும் இல்ல. ராத்திரி முழுக்க ஊற வைங்கன்னு நான்தான் தப்பா சொல்லிட்டேன். ரெண்டு மெத்தையும் என்னாலதான் போச்சு. அந்தப் புண்ணும் என்னாலதான்."

அவர் துணியைப் பிழிந்து காயப் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ ரெண்டு வாட்டி சொன்னம்மா. பேப்பரப் பாத்து ஒருவாட்டி சொன்ன. பாக்காம ஒருவாட்டி சொன்ன. பாக்காம சொன்னதத்தான் நான் புடிச்சிக்கினேன். அது எனக்கோசரம் சொன்ன மாரி இருந்திச்சி." கொஞ்சம் சிரித்தார். "எனக்கோசரம்தான சொன்ன?"

"ஆமாம்."

"அப்ப வுடு."

நான் குழாயடியிலேயே நின்று அழுதேன். அவர் ஈரக் கையால் என் முதுகைத் தட்டினார்.

தடைக்காலம் முடிந்து படகுகள் திரும்பி வந்த முதல் நாள், வேலைக்குப் போகிற வழியில் துறைமுகத்துக்குப் போனேன். கூட்டம் நெரிந்தது. மீன் குவியலுக்கு இந்தப் பக்கம் அஞ்சலையம்மா நின்றார். அவர் இடத்துக்கு ஏற்பாடு செய்திருந்த ஆள் இரண்டு படகு தள்ளி நின்றிருந்தார். அஞ்சலையம்மா கூவத் தொடங்கினார். எண்கள் வரிசையாக, முழுசாக, ஒன்றுகூடக் காற்றாகப் போகாமல் வந்து விழுந்தன. கடைசி வரிசையில் நின்ற எனக்கு ஒவ்வொன்றும் கேட்டது. முதல் குவியல் முடிந்ததும் அடுத்த படகுக்காரர் "அக்கா, இங்க வாங்க" என்று கையைக் காட்டினார். அதைப் பார்த்துவிட்டு ரயிலுக்கு ஓடினேன்.

அந்த மெத்தை ஒரு வருடத்துக்குமேல் தாங்கியது. இறுகியதும் வந்து புதிது போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடைக்காலத்திலும், கூவ வேலையில்லாத நாளில், அஞ்சலையம்மா சிதம்பரம் வந்து போவது வழக்கமாகிவிட்டது. பழனி சில வருடங்களில் நிரந்தரமானார். நான் ஓய்வுபெற்ற பிறகு லேப்பை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். போன மாதம் அந்த இளம் டாக்டருக்கு என் நம்பரைக் கொடுத்தது அவராகத்தான் இருக்க வேண்டும். நஸ்ரீன் டாக்டர் குடும்பத்தோடு வெளியூர் போய்விட்டார். ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பேசிக்கொள்கிறோம். என்னைக் காட்டிக்கொடுக்காமலும், அதே சமயம் தப்பவிடாமலும் இருந்த அந்த ஒரு காலைக்கு அவரிடம் நான் நன்றி சொல்லியிருக்கிறேன். "எந்தக் காலைக்கா?" என்று கேட்டார். அவருக்கு அது நினைவில் இல்லை.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்தின வருடம் அஞ்சலையம்மா தனியாக வரவில்லை. கூட நான்கு பெண்களை அழைத்துவந்தார். எல்லாரும் கருவாடு காயவைக்கிறவர்கள், மீன் விற்கிறவர்கள். ஆளுக்கொரு பல் செட், ஆளுக்கொரு வலி. அவர்களுக்கு மெத்தை போட்டு முடித்ததும், நான் சொல்லிக்கொடுக்க எழுவதற்கு முன்பே அஞ்சலையம்மா அவர்களைக் குழாயடிக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். தன் செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். ஒரு படிகூடத் தவறவில்லை. பல் இல்லாத வாயோடும் ஏலக் குரலில்தான் பேசினார்.

ஒரு பெண்ணுக்குச் சந்தேகம். "எல்லாம் ஞாபகம் இருக்குமா அத்த? மறந்துட்டா என்னா பண்றது?"

அஞ்சலையம்மா என் பக்கம் கையைக் காட்டினார்.

"இந்தம்மாவக் கேளு. தப்பா சொல்லிட்டாலும் வூடு தேடி வந்து தப்புன்னு சொல்லிரும்."

அந்தப் பெண்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் முதல் பெண்ணின் செட்டைக் கையில் வாங்கி, உள்ளே என்ன மெத்தை என்று திருப்பிப் பார்த்துவிட்டு, குழாயைத் திறந்தேன்.